பெங்களூர் பாலிகே ஐந்தாகப் பிரிந்த கதை

பெங்களூருக்கு ஒரே மாநகராட்சி என்ற காலம் முடிந்துவிட்டது. 2025-ம் ஆண்டு செப்டம்பர் 2-ந் தேதி பிருகத் பெங்களூர் மகாநகர பாலிகே கலைந்தது. அதன் இடத்தில் மத்தி, வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என்று ஐந்து மாநகராட்சிகள் வந்தன.

அலுவலக வாசல்களில் பெயர்ப் பலகை மாறியது. ரசீதுகளில் தலைப்பு மாறியது. ஆனால் ஜனங்கள் கேட்கும் கேள்வி மாறவில்லை. கந்தாயம் எங்கே கட்டுவது? காத்தாவுக்கு எந்த ஆபீசுக்குப் போவது? சாக்கடை அடைத்துக்கொண்டால் யாரிடம் சொல்வது?

இந்தக் கேள்விகளை பெங்களூர்க்காரர்கள் முதல் தடவையாகக் கேட்கவில்லை. 1949-ல் இரண்டு ஊர்கள் ஒன்றானபோதும் கேட்டார்கள். 2007-ல் பல ஊர்கள் ஒன்றானபோதும் கேட்டார்கள். இப்போது ஒன்று ஐந்தானபோதும் கேட்கிறார்கள். சேர்த்ததால் என்ன கிடைத்தது, பிரித்ததால் என்ன கிடைக்கும் என்பதை அறிய, பழைய கதையைக் கொஞ்சம் திரும்பிப் பார்க்க வேண்டும்.

பேட்டையும் தண்டும்

கெம்பே கவுடா 1537-ல் மண் கோட்டை கட்டி உருவாக்கிய ஊர் பேட்டை. சிக்பேட்டை, பளேபேட்டை, காட்டன்பேட்டை என்று தொழிலுக்கு ஒரு தெருவாக வளர்ந்த வியாபார ஊர் அது.

திப்பு சுல்தான் 1799-ல் வீழ்ந்த பிறகு வெள்ளைக்காரர்கள் தங்கள் படையை ஸ்ரீரங்கப்பட்டணத்தில் வைத்திருந்தனர். அங்கே காய்ச்சல் வாட்டியது. 1809-ல் படையை பெங்களூருக்கு மாற்றி, அல்சூர்ப் பக்கம் முகாம் போட்டனர். அதுதான் கண்டோன்மென்ட். படைக்குத் தண்டு என்ற பெயர் உண்டு. ஆகவே அந்த இடத்தை ஜனங்கள் தண்டு என்றே அழைத்தனர்.

சென்னை ராணுவத்துடன் தமிழர்கள் தண்டுக்கு வந்தனர். சிப்பாய்கள் மட்டும் அல்ல. தானியம் சப்ளை செய்தவர்கள், கொத்தனார்கள், தையற்காரர்கள், வண்ணார்கள், சமையற்காரர்கள், குமாஸ்தாக்கள் எல்லோரும் வந்தனர். 1864 ஆகஸ்ட் 1-ந் தேதி ஜோலார்பேட்டையில் இருந்து பெங்களூர் தண்டுக்கு ரயில் ஓடத் தொடங்கியது. அதன் பிறகு வட ஆற்காடு, சேலம் பக்கத்து ஜனங்களுக்கு பெங்களூர் வருவது எளிதாயிற்று.

கட்டிட காண்டிராக்டில் பெரும் பொருள் ஈட்டிய ஆற்காடு நாராயணசாமி முதலியார் 1873-ல் தண்டில் ஏழைப் பிள்ளைகளுக்காகப் பள்ளிக்கூடம் திறந்தார். அவர் பெயரால் நடக்கும் கல்வி நிலையங்கள் இன்றும் அல்சூர் ஏரி அருகே இருக்கின்றன.

ஓர் ஊர், இரண்டு நகரசபை

1862-ல் பேட்டைக்கு ஒரு நகரசபை அமைந்தது. அதை அடுத்துத் தண்டுக்குத் தனியாக ஒரு நகரசபை ஏற்பட்டது. இரண்டுக்கும் நடுவே கப்பன் பார்க் இருந்தது.

1881-ல் மைசூர் ராஜ்யத்தை வெள்ளையர் மீண்டும் உடையார் வம்சத்திடம் ஒப்படைத்தனர். ஆனால் தண்டை மட்டும் கொடுக்கவில்லை. அதற்கு சிவில் அண்டு மிலிட்டரி ஸ்டேஷன் என்று பெயர். அங்கே பிரிட்டிஷ் ரெசிடெண்டின் அதிகாரம். பேட்டையில் மகாராஜாவின் அதிகாரம். கப்பன் பார்க்கின் இந்தப் பக்கத்தில் இருந்து அந்தப் பக்கம் நடந்தால், சட்டமே மாறிவிடும்.

இந்திய சுதந்திரத்துக்குச் சில நாள் முன்பு, 1947 ஜூலை 26-ந் தேதி, தண்டு மைசூர் அரசிடம் திரும்பி வந்தது. 1949-ல் இரண்டு நகரசபைகளையும் இணைத்து பெங்களூர் நகர மாநகராட்சி உருவாயிற்று. பிளாக்பள்ளி என்ற இடம் பிற்காலத்தில் சிவாஜிநகர் ஆனது.

அந்தப் பிளாக்பள்ளியில் 1945-ல் பிறந்து, இன்றும் அதே தெருவில் வசிக்கும் ஒரு பெரியவரை எண்ணிப் பாருங்கள். வீடு மாறாமலே அவர் ரெசிடெண்டின் நகரசபையையும், மைசூர் மகாராஜாவின் அரசையும், மாநகராட்சியையும், மகாநகர பாலிகேயையும், பிருகத் பாலிகேயையும் பார்த்துவிட்டார். இப்போது மத்திய பெங்களூர் மாநகராட்சிக்காரர் ஆகியிருக்கிறார்.

2007-ல் பெரிய இணைப்பு

சுதந்திரத்துக்குப் பிறகு ஊர் நான்கு பக்கமும் பெருகியது. எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ., பி.இ.எல்., எச்.எம்.டி. தொழிற்சாலைகள் வந்தன. அவற்றைச் சுற்றிக் காலனிகள் வந்தன. பிறகு கம்ப்யூட்டர் கம்பெனிகள் வந்தன. மாநகராட்சியின் எல்லைக்கு வெளியேதான் வளர்ச்சி அதிகமாக இருந்தது.

2007 ஜனவரியில் கர்நாடக அரசு ஒரு பெரிய இணைப்பைச் செய்தது. 100 வார்டுகள் கொண்ட பழைய பாலிகேயுடன் ஏழு நகரசபைகளைச் சேர்த்தது. அவை ராஜராஜேஸ்வரி நகர், தாசரஹள்ளி, பொம்மனஹள்ளி, கிருஷ்ணராஜபுரம், மகாதேவபுரம், பேட்டராயனபுரம், எலகங்கா. கெங்கேரி புரசபையும் 110 கிராமங்களும் சேர்ந்தன. சுமார் 226 சதுர கிலோ மீட்டராக இருந்த ஊர் 700 சதுர கிலோ மீட்டரைத் தாண்டியது. 2011 ஜனத்தொகைக் கணக்கில் இந்த எல்லைக்குள் 84 லட்சம் பேர் இருந்தனர்.

ஒரே ஊர், ஒரே நிர்வாகம், எல்லோருக்கும் ஒரே வசதி என்பதுதான் அப்போது சொன்ன காரணம். கேட்க நன்றாகவே இருந்தது. நகரசபைத் தலைவர் இனி இல்லை, மேயர் இருக்கிறார் என்று கே.ஆர். புரத்து ஜனங்களுக்குச் சொல்லப்பட்டது. ஆனால் கே.ஆர். புரத்து நகரசபை ஆபீசுக்கு நடந்து போகலாம். மேயரைப் பார்க்க ஹட்சன் சர்க்கிளுக்கு பஸ் ஏற வேண்டும்.

17 ஆண்டு காத்த தண்ணீர்

இணைந்த 110 கிராமங்களின் கதையே இதற்குச் சாட்சி. கிராமம் என்ற பெயர் போய் அவை மாநகராட்சிப் பகுதிகள் ஆயின. கந்தாயமும் மாநகராட்சிக் கணக்கில் வந்தது. ஆனால் காவிரி நீர் வரவில்லை. லாரித் தண்ணீரையும் ஆழ்துளைக் கிணற்றையும் நம்பியே ஜனங்கள் வாழ்ந்தனர்.

இந்தக் கிராமங்களுக்காகவே தீட்டிய காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் 2024 அக்டோபரில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. அதன் அளவு நாள் ஒன்றுக்கு 77 கோடியே 50 லட்சம் லிட்டர். எல்லை விரிந்தது 2007-ல். குழாய் வந்தது 2024-ல். நடுவே 17 ஆண்டுகள்.

காத்தா விஷயமும் இப்படித்தான். காத்தா என்பது சொத்து யார் பெயரில், யார் கந்தாயம் கட்டுகிறார் என்பதற்கு மாநகராட்சி வைத்திருக்கும் பதிவு. சட்டப்படி எல்லாம் சரியாக இருக்கும் சொத்துக்கு ஏ காத்தா. அனுமதி இல்லாத லே அவுட்டில் இருக்கும் சொத்துக்கு பி காத்தா. ஊருக்கு வெளியே குறைந்த விலையில் மனை வாங்கியவர்களில் பலர் தொழிலாளர்கள், சிறு உத்தியோகஸ்தர்கள். அவர்கள் கையில் கிடைத்தது பி காத்தா. கந்தாயம் வாங்கிக்கொள்வார்கள். ஆனால் பாங்கியில் கடன் கேட்டால் தயங்குவார்கள்.

கவுன்சிலர் இல்லாத ஆண்டுகள்

எல்லைக்கோடு மாறும்போதெல்லாம் ஒரு சங்கதி தவறாமல் நடக்கிறது. தேர்தல் தள்ளிப் போகிறது.

பழைய பாலிகேயின் கவுன்சில் 2006-ல் முடிந்தது. 2007-ல் இணைப்பு நடந்தது. புதிய பாலிகேயின் முதல் தேர்தல் 2010 மார்ச்சில்தான் நடந்தது. 198 வார்டுகளுக்கு உறுப்பினர்கள் வந்தனர். அடுத்த தேர்தல் 2015 ஆகஸ்டில் நடந்தது. அந்தக் கவுன்சிலின் காலம் 2020 செப்டம்பரில் முடிந்தது.

அதன் பிறகு தேர்தல் இல்லை. 2020-ல் பாலிகேக்கு என்று தனிச் சட்டம் கொண்டு வந்து, வார்டுகளை 243 ஆக்குவது என்று தீர்மானித்தனர். 2022-ல் 243 வார்டுகளுக்கும் எல்லை வகுத்தனர். 2023-ல் மாநிலத்தில் ஆட்சி மாறியது. வார்டுகள் 225 ஆயின. கோர்ட்டில் வழக்குகள் நடந்தன. அந்த 225 வார்டுக்கும் தேர்தல் நடப்பதற்குள் பாலிகேயே கலைந்துவிட்டது.

ஆக, ஐந்து மாநகராட்சிகள் பிறந்த நாளில் பெங்களூரில் ஐந்து ஆண்டாக ஒரு கவுன்சிலர் கூட இல்லை. தெரு விளக்கு எரியவில்லை என்றால் கவுன்சிலர் வீட்டுக் கதவைத் தட்டுவது பாமரர்களின் வழக்கம். அந்தக் கதவு மூடியிருந்தது. அதிகாரிகளின் ஆட்சிதான் நடந்தது. படித்தவர் போனில் புகார் பதிவார். படிக்காதவர், கன்னடத்தில் மனு எழுதத் தெரியாதவர், எங்கே போவார்?

ஐந்து ஆன விதம்

பாலிகே பெரிதாகிவிட்டது, ஒரே இடத்தில் இருந்து ஆள முடியாது என்ற பேச்சு நெடுநாளாகவே உண்டு. மாநிலத்தின் முன்னாள் தலைமைச் செயலாளர் பி.எஸ். பாட்டீல் தலைமையில் 2014-ல் அமைந்த குழு, பாலிகேயைப் பிரிக்கலாம் என்று யோசனை கூறியது. 2015-ல் அரசு எடுத்த முயற்சி நிறைவேறவில்லை.

2024 ஜூலையில் கிரேட்டர் பெங்களூர் நிர்வாக மசோதா சட்டசபைக்கு வந்தது. இரு சபை உறுப்பினர்களும் அடங்கிய குழு அதை ஆராய்ந்தது. 2025 மார்ச்சில் மசோதா நிறைவேறியது. ஏப்ரலில் கவர்னர் ஒப்புதல் அளித்தார். மே 15-ந் தேதி சட்டம் அமலுக்கு வந்தது.

இந்தச் சட்டப்படி ஐந்து மாநகராட்சிகளுக்கும் மேலே கிரேட்டர் பெங்களூர் ஆணையம் என்ற அமைப்பு இருக்கிறது. அதற்குத் தலைவர் முதல்-மந்திரி. ஒவ்வொரு மாநகராட்சிக்கும் தனி மேயர், தனி கமிஷனர். மேயர் பதவி 30 மாதம். பழைய பாலிகேயில் மேயர் பதவி ஓர் ஆண்டுதான். மாலை போட்டு முடிப்பதற்குள் பதவி போய்விடும் என்பார்கள். அந்தக் குறை இப்போது நீங்கும்.

ஆனால் வேறொரு குறை சொல்வோர் உண்டு. உள்ளாட்சிக்கு அதிகாரம் தரவேண்டும் என்பது அரசியல் சட்டத்தின் 74-வது திருத்தத்தின் நோக்கம். முதல்-மந்திரியே மேலே உட்கார்ந்தால் மேயருக்கு என்ன அதிகாரம் மிஞ்சும் என்பது அவர்கள் கேள்வி.

2025 நவம்பரில் ஐந்துக்கும் சேர்த்து 369 வார்டுகள் வகுக்கப்பட்டன. மேற்கில் 112, வடக்கில் 72, தெற்கில் 72, மத்தியில் 63, கிழக்கில் 50. 198 கவுன்சிலர்கள் இருந்த இடத்தில் 369 பேர். வார்டு சிறிதானால் கவுன்சிலர் பக்கத்தில் இருப்பார். இந்தப் பிரிவினையில் ஏழைகளுக்கு உள்ள பெரிய லாபம் அதுதான்.

தமிழர் பகுதிகள் எங்கே?

பழைய தண்டு இப்போது இரண்டாகி நிற்கிறது. சிவாஜிநகர், அல்சூர் ஆகியவை மத்திய மாநகராட்சியில் உள்ளன. பிரேசர் டவுன் அடங்கிய புலிகேசி நகர்த் தொகுதியும், லிங்கராஜபுரம் அடங்கிய சர்வக்ஞநகர்த் தொகுதியும் வடக்கு மாநகராட்சிக்குப் போயின. சாந்திநகர்த் தொகுதியைச் சேர்ந்த விவேக் நகரும், காந்திநகர்த் தொகுதியைச் சேர்ந்த ஒக்கலிபுரமும் மத்தியில் உள்ளன. கே.ஆர். புரம் கிழக்கில் இருக்கிறது.

அக்கா சிவாஜிநகரிலும் தங்கை லிங்கராஜபுரத்திலும் குடியிருந்தால், இருவருக்கும் இனி மேயர் வேறு. இதனால் உறவு ஒன்றும் கெட்டுவிடாது. ஆனால் ஒரு தெருவுக்கு வரும் வசதி அடுத்த தெருவுக்கு வராமல் போகலாம். அதற்குக் காரணம் பணம்.

பணம் எங்கே இருக்கிறது?

2024-25-ல் பாலிகேயின் கந்தாய வசூல் 5,000 கோடி ரூபாயை நெருங்கியது. எட்டு மண்டலங்களில் வசூலில் முதலில் நின்றது மகாதேவபுரம். ஒயிட்பீல்டு, வெளிவட்டச் சாலை என்று பெரிய கம்பெனிக் கட்டிடங்கள் நிறைந்த இடம் அது. ஒரே பாலிகே இருந்தவரை அந்தப் பணம் பொதுப் பெட்டிக்கு வந்தது. சிவாஜிநகர் சாக்கடைக்கும் அதில் பங்கு இருந்தது.

இப்போது அந்தப் பகுதியின் பெரும் பங்கு கிழக்கு மாநகராட்சியில் இருக்கிறது. கிழக்கின் பரப்பு சுமார் 168 சதுர கிலோ மீட்டர். மத்திய மாநகராட்சியின் பரப்பு சுமார் 78 சதுர கிலோ மீட்டர்தான். மத்தியில் பெரிய கடைவீதிகளும் ஓட்டல்களும் உண்டு. நெருக்கமான பழைய தெருக்களும், நூறாண்டு கண்ட சாக்கடைகளும் உண்டு. வரவையும் செலவையும் சரிக்கட்டுவது ஒவ்வொரு மாநகராட்சிக்கும் ஒரு மாதிரி இருக்காது.

டெல்லி தரும் பாடம்

இதற்கு உதாரணம் தேடி வெகு தூரம் போக வேண்டாம். 1958-ல் ஏற்பட்ட டெல்லி மாநகராட்சியை 2012-ல் வடக்கு, தெற்கு, கிழக்கு என்று மூன்றாகப் பிரித்தனர். நிர்வாகம் ஜனங்களுக்கு அருகில் வரும் என்றுதான் அங்கேயும் சொன்னார்கள்.

தெற்கு டெல்லியில் வசதியான காலனிகள் இருந்தன. வரி நன்றாக வந்தது. கிழக்குக்கும் வடக்குக்கும் வரவு போதவில்லை. துப்புரவுத் தொழிலாளர்களுக்குச் சம்பளம் பாக்கி விழுந்தது. அவர்கள் வேலை நிறுத்தம் செய்தனர். கிழக்கு டெல்லித் தெருக்களில் குப்பை மலை போல் குவிந்தது. கடைசியில் 2022 மே 22-ந் தேதி மூன்றையும் மறுபடி ஒன்றாக்கினர். பத்து ஆண்டில் போன இடத்துக்கே திரும்பி வந்தாயிற்று.

பிரித்ததே தவறு என்று இதற்கு அர்த்தம் அல்ல. வரவு குறைந்த பகுதிக்குப் பணம் கொடுக்க வழி செய்யாமல் பிரித்ததுதான் தவறு. பெங்களூரில் அப்படி ஆகாமல் பார்ப்பது மேலே உள்ள ஆணையத்தின் பொறுப்பு. ஊருக்குப் பொதுவாக ஒரு தலைமை இருப்பதில் ஏதாவது பயன் உண்டென்றால் அது இதுவாகத்தான் இருக்க முடியும்.

எது பிரியவில்லை?

எல்லாமே ஐந்தாகிவிட்டது என்று நினைப்பது தவறு. குடிநீரும் பாதாளச் சாக்கடையும் 1964-ல் ஏற்பட்ட குடிநீர் வாரியத்தின் வேலை. அது முன்போலவே ஒன்றுதான். மின்சாரம் பெஸ்காம் கையில் இருக்கிறது. பஸ்ஸுக்குத் தனிக் கழகம். குப்பைக்கு ஊர் முழுவதற்கும் ஒரு கம்பெனி. ஆகவே, குழாயில் தண்ணீர் வராததற்குப் புது மாநகராட்சி ஆபீசில் போய்ச் சண்டை போட்டுப் பயன் இல்லை.

கந்தாயம், காத்தா, கட்டிட அனுமதி, வார்டு ரோடுகள், மழைநீர் ஓடும் சிறு கால்வாய்கள், தெரு விளக்கு, வியாபார லைசென்ஸ் ஆகியவை மாநகராட்சி விவகாரம். தள்ளுவண்டி வைத்துப் பிழைப்பவர்களுக்கும், பெட்டிக்கடை வைத்திருப்பவர்களுக்கும் எந்த மாநகராட்சி என்பது வயிற்றுப்பாட்டு விஷயம்.

என்ன செய்யலாம்?

பழைய பாலிகே கொடுத்த ரசீதும் காத்தாவும், பெயர் மாறியதால் செல்லாத காகிதம் ஆகிவிடவில்லை. அவற்றைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். 2024-ன் பிற்பகுதியில் இருந்து மின் காத்தா முறை வந்திருக்கிறது. வீட்டை விற்கவோ வாங்கவோ அது தேவை. புரோக்கர் சொல்லை மட்டும் நம்பிப் பணம் கொடுக்காமல், கந்தாய ரசீதில் உள்ள சொத்து எண்ணைக் கொண்டு தாங்களே சரிபார்ப்பது நல்லது.

வாடகை வீட்டில் இருப்பவர்கள், நமக்கு என்ன என்று இருந்துவிடக் கூடாது. வீட்டுக்காரர் கட்டும் கந்தாயம் வாடகையில்தான் சேர்கிறது. வார்டு எல்லை புதிதாக வகுத்திருப்பதால், வாக்காளர் பட்டியலில் பெயர் எந்த வார்டில் இருக்கிறது, இருக்கிறதா என்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். வீடு மாறி வந்தவர்களின் பெயர் விட்டுப்போவது சாதாரணம். சிறிய வார்டில் சில நூறு வாக்குகளே வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கக்கூடும். ஒரு தெரு ஜனங்கள் ஒற்றுமையாக நின்றால், எந்த வேட்பாளரும் அந்தத் தெருவுக்குள் வந்து குறை கேட்காமல் போக முடியாது.

1862-ல் இருந்து இந்த ஊரில் கோடுகளைப் போட்டார்கள், அழித்தார்கள், மறுபடி போட்டார்கள். சேர்த்தபோது தண்ணீர் 17 ஆண்டு தாமதித்தது. அடுத்த கோட்டைப் பற்றிப் பேசிக்கொண்டே ஐந்து ஆண்டு தேர்தல் இல்லாமல் ஓட்டினார்கள். பெட்டியில் பணமும், கேட்டால் பதில் சொல்ல ஒரு கவுன்சிலரும் இருந்தால், ஒரு மாநகராட்சி ஆனாலும் ஐந்து ஆனாலும் தெரு சுத்தமாக இருக்கும். அந்த இரண்டையும் கேட்டு வாங்குவது, கந்தாயம் கட்டுகிறவர்களும் வாடகை கொடுக்கிறவர்களும் செய்ய வேண்டிய வேலை.